நாற்பத்தேழாம் மூடி

கொசுப் புழுவை எண்ணுவது என் வேலை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் மாமியார் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் எனக்குப் பழகிவிட்டது.

மழைநீர் வடிகாலின் மூடியைத் திறந்து, நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியால் பத்து முறை தண்ணீரை மொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் கரண்டிக்குள் எத்தனை புழு நெளிகிறது என்று எண்ணி, பத்தையும் கூட்டிப் படிவத்தில் எழுத வேண்டும். அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் மருந்து வண்டி வரும். என் வார்டில் இருநூற்றுப் பன்னிரண்டு மூடிகள். எது ஒரு கையால் நகரும், எதற்குக் கடப்பாரை வேண்டும், எந்த மூடிமேல் எந்த மகராசன் காரை நிறுத்திவிட்டுக் காணாமல் போவான், எல்லாம் எனக்கு அத்துப்படி. பதினான்கு வருடமாக ஒருவரையும் என் வார்டுக்குள் தலைகாட்ட விட்டதில்லை. சொந்த வீட்டைக்கூட நான் அவ்வளவு ஒழுங்காக வைத்துக்கொண்டதில்லை என்று மாமியார் சொல்வார். அது உண்மைதான்.

இந்த வேலையில் கரண்டியைவிட முக்கியம் வெயில். கொசுப் புழு தண்ணீரின் மேல்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாலால் மூச்சு விடும். மேலே ஒரு நிழல் விழுந்தால் போதும், தரை அதிர்ந்தால் போதும், அடுத்த நொடி அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மூக்குமேல் கோபம் என்று என்னைச் சொல்வார்கள். புழுவுக்கு முன்னால் நான் சாது. அதனால் வெயில் முகத்தில் அடிக்கும்படி, நிழல் முதுகுக்குப் பின்னால் விழும்படி போக வேண்டும். மூடியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, குந்தி உட்கார்ந்து, மனதுக்குள் அறுபது வரை எண்ண வேண்டும். போனவை எல்லாம் மூச்சு விட மேலே வந்துவிடும். அதன் பிறகுதான் கரண்டியைத் தொட வேண்டும். நான் இப்படி உட்கார்ந்து எண்ணுவதைப் பார்த்து ஆபீசில் எனக்கு 'அறுபது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் வருத்தமில்லை. வெளியாட்கள் அதை என் வயது என்று நினைத்துக்கொள்வதுதான் கொஞ்சம் உறுத்தும்.

பக்கத்து வார்டு என் கணவரின் தம்பியுடையது. ஆபீசில் நாலு பேர் காலைப் பிடித்து அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவளே நான்தான். அவன் ஆபீஸ் பெயர் 'ஹெல்மெட்'. மோட்டார் சைக்கிளில் ஏறும்போது போட்டால் வேலை முடியும்வரை கழற்ற மாட்டான். கழற்றி மாட்டுகிற நேரத்தில் இரண்டு மூடி பார்த்துவிடலாம் என்பது அவன் கணக்கு. படபடவென்று வண்டியை மூடி வரைக்கும் ஓட்டி வருவான். கடப்பாரையால் ஒரு நெம்பு, டமால் என்று மூடி விழும். கண் கூசுகிறது என்று வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்பான். ஹெல்மெட்டும் சேர்ந்த அவன் நிழல் தண்ணீர்த் தொட்டி அளவுக்கு வடிகாலுக்குள் விழும். மானமுள்ள எந்தப் புழுவும் அதற்குமேல் மேலே இருக்காது. அவன் பத்து முறை மொண்டு பார்ப்பான். வெறும் தண்ணீர். பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் பறந்துவிடுவான்.

அவன் ஏமாற்றுக்காரன் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினான். எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் அவன்தான், தொல்லையே அதுதான். ஒருமுறை நிழல் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். அம்மா பக்கத்து அறையில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"புழுவைப் பாக்கப் போறதுக்கு இவ்ளோ பயபக்தியா அண்ணி? அதுங்க என்ன மாமியாரா?"

இன்னொரு முறை சொல்லப் போனபோது, அவன் நல்ல பெயர் எடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை என்று மாமியார் ஆரம்பித்துவிட்டார். அதோடு வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் அமைதி வேண்டுமே.

எங்கள் வீடு இருப்பது அவன் வார்டில். சாயங்காலம் ஆனால் மாமியார் வாசல் அறையில் நாற்காலி போட்டு, கையில் கொசு அடிக்கும் மின்சார மட்டையோடு உட்கார்ந்துவிடுவார். "என் சின்னப் பையன் வார்டுல மருந்துக்குக்கூட ஒரு புழு கிடையாது" என்பார். பட். "ஆபீசே அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடுது." பட், பட். அப்படியானால் மட்டையில் பொரிகிறவை எங்கிருந்து வந்தன என்று நான் கேட்டதற்கு, என் வார்டிலிருந்து பறந்து வருகின்றன என்றார். என் கணவருக்கு மின்விசிறி பழுது பார்ப்பது தொழில். இப்படிப்பட்ட நேரங்களில் எழுந்து போய் விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, அது போடும் சத்தத்துக்குப் பின்னால் நிம்மதியாக உட்கார்ந்துகொள்வார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் புது அதிகாரி வந்தார். வந்த வாரமே ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய பலகையை மாட்டினார். புழு இல்லாத வார்டுக்குப் பச்சை, கொஞ்சம் இருந்தால் மஞ்சள், நிறைய இருந்தால் சிவப்பு. பச்சை வார்டுக்கு மருந்து வீண், அதனால் மருந்து வண்டி நிறுத்தப்படும். மூன்று வாரம் தொடர்ந்து சிவப்பு என்றால் எண்ணுகிற ஆள் சரியில்லை, அதனால் ஆள் மாற்றப்படும். இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் எழுந்தேன். என்னால் எழாமல் இருக்க முடிவதில்லை. "ஜுரம் அடிச்சா தெர்மாமீட்டரைத் திட்டற மாதிரி இருக்கு சார்" என்றேன். அவர் என் பெயருக்கு எதிரே எதையோ குறித்துக்கொண்டார். அவர் பக்கத்தில் நின்றவள் எட்டிப் பார்த்துவிட்டு, 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

முதல் வாரம் என் வார்டு சிவப்பு. இரண்டாம் வாரமும் சிவப்பு. ஹெல்மெட்டின் வார்டு முதல் நாளிலிருந்தே பச்சை. அங்கே மருந்து வண்டி போய் இரண்டு வாரத்துக்குமேல் ஆகிவிட்டது. மூன்றாம் வாரம் அதிகாரி தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அன்றைக்கும் சிவப்பு என்றால் என் வார்டை ஹெல்மெட் சேர்த்துப் பார்த்துக்கொள்வான், நான் ஆபீசில் உட்கார்ந்து படிவங்களுக்குத் துளை போட்டு நாடா கட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். துளை போடுவது பாவமான வேலை இல்லை. ஆனால் என் இருநூற்றுப் பன்னிரண்டு மூடியையும் அவன் டமால் டமால் என்று போடுவதை நினைக்கவே முடியவில்லை.

என் வார்டு சிவப்பாக இருந்ததற்குக் காரணம் நாற்பத்தேழாம் மூடி. அங்கிருந்து ஐம்பத்து மூன்று வரைக்கும் வடிகாலின் தரை உள்வாங்கிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் ஓடாமல் அங்கேயே தேங்கும். மருந்து போட்டால் நாலு நாள் அடங்கும், ஐந்தாம் நாள் மறுபடியும் புழு. தரையை உயர்த்தச் சொல்லிப் பதினோரு கடிதம் எழுதினேன். கடைசிக் கடிதத்துக்கு மட்டும் பொறியாளரிடமிருந்து பதில் வந்தது. வரைபடத்தின்படி அந்த இடத்தில் சரிவு இருக்கிறதாம். இருக்கலாம். தண்ணீருக்குத்தான் வரைபடம் படிக்கத் தெரியவில்லை.

சோதனை நாள் காலை ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். கூடவே அவருக்குக் குடை பிடிக்க ஒருவர், டிரைவர், பொறியாளர், போட்டோ எடுக்க ஒருவர், மற்ற வார்டுகளிலிருந்து இரண்டு பேர், முன்மாதிரி ஊழியர் என்ற முறையில் ஹெல்மெட். மொத்தம் எட்டு. என் பழைய படிவங்களைப் புரட்டிப் பார்த்து, எங்கே எண்ணிக்கை மிக அதிகமோ அங்கேயே பார்க்கலாம் என்றார் அதிகாரி. நாற்பத்தேழுக்குப் போனோம்.

மூடியைத் திறக்க நான் குனிவதற்குள் நாலு பேர் உற்சாகமாகக் கை கொடுத்தார்கள். அது கையை விட்டு நழுவித் தரையில் விழுந்த சத்தத்தில், எதிரே கடையில் இருந்த தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். எட்டுப் பேரும் வடிகாலைச் சுற்றி வளைத்து நின்று குனிந்து பார்த்தார்கள். குடை அகலமான குடை. உள்ளே ராத்திரி மாதிரி இருட்டிவிட்டது. "ம், எடுங்க" என்றார் அதிகாரி.

மொண்டேன். தெளிந்த தண்ணீர். இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. ஒன்றே ஒன்று, பேருக்குக்கூட இல்லை.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. கொஞ்சம் கண்டிப்புக் காட்டினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று தான் அப்போதே சொன்னதாகக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். என்னையும் கரண்டியையும் சேர்த்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். இந்த வாரத்திலிருந்து இந்த வார்டும் பச்சை, மருந்து வண்டி வேண்டாம், வார்டு இந்தம்மாவிடமே இருக்கட்டும் என்றார். ஹெல்மெட் என் பக்கம் சாய்ந்து, "ஜெயிச்சுட்டீங்க அண்ணி" என்று கிசுகிசுத்தான். அவனுக்கு நிஜமாகவே சந்தோஷம்.

நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சும்மா இருக்க வேண்டும். பச்சைப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய காரியம். வார்டு என் கையில் இருந்தது. அதிகாரி கிளம்பிவிட்டார், குடையும் கிளம்பிவிட்டது. எதிரே தையல்காரர் மூடியின் மேலிருந்து எழுந்த இரண்டு கொசுவைக் கையால் விரட்டிக்கொண்டே கடைக்குத் திரும்பினார். மருந்து நின்றால் மூன்று வாரத்தில் இந்தத் தெருவே சொறிந்துகொண்டு திரியும், அதற்கடுத்த வாரம் ஜுரத்தில் படுக்கும். இதெல்லாம் எனக்குத் தோன்றியது உண்மைதான். ஆனால் அதனால்தான் வாயைத் திறந்தேன் என்று சொன்னால் என்னை நானே மெச்சிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இருக்கிற ஒன்றை யாராவது இல்லை என்று எழுதினால் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரியும். அவ்வளவுதான்.

"சார், இது பூஜ்யம் இல்ல" என்றேன்.

அவர் திரும்பினார். "பின்ன என்னம்மா இது?"

"உங்க நிழல்."

ஹெல்மெட் என் முழங்கையைக் கிள்ளினான். அதிகாரி கோபப்படலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று நான் மளமளவென்று சொல்லிவிட்டேன். குடையை மடக்க வேண்டும், எல்லோரும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வர வேண்டும், வெயிலைப் பார்த்துக் குந்தி உட்கார வேண்டும், அறுபது எண்ணும்வரை மூச்சு காட்டக் கூடாது. அதற்குப் பிறகும் பூஜ்யம் என்றால் நானே போய்ப் படிவத்துக்குத் துளை போடுகிறேன் என்றேன். என் நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறது என்று மாமியார் சொல்வது சும்மா இல்லை.

அதிகாரி உட்கார்ந்தார். அவர் முழங்கால் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். அவர் உட்கார்ந்ததால் மற்றவர்களும் உட்கார வேண்டியதாயிற்று. எட்டுப் பேர் வரிசையாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு சாக்கடை ஓரத்தில் குந்தியிருக்கும் காட்சியை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்திருக்காது. நாற்பது எண்ணும்போது டிரைவரின் போன் பாடியது. பொறியாளர் துள்ளி எழுந்து தன் போனைத் தேடினார். முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஐம்பத்து இரண்டில் குடைக்காரர் தும்மினார். மறுபடி ஒன்றிலிருந்து. மூன்றாவது தடவை, யாரும் சொல்லாமலே, அதிகாரி தன் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

வந்தன. முதலில் ஒன்று, நெளிந்து நெளிந்து மேலே வந்து வாலைத் தண்ணீரின் தோலில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. பிறகு மூன்று, பிறகு எண்ண முடியாத அளவு. வெயிலில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் கரண்டியைச் சாய்த்து மெதுவாக மொண்டு அதிகாரியின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "நாலு" என்றார். "இல்ல, அஞ்சு. ஓரத்துல ஒண்ணு இருக்கு." ஐந்தாவது முறைக்குள் கரண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பத்தும் கூட்டி முப்பத்தெட்டு. இத்தனை வருஷம் கொசு ஒழிப்பில் இருந்தும் உயிரோடு ஒரு புழுவை இப்படிப் பார்த்ததில்லை என்று அவர் சொன்னபோது எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. என் வார்டு போய்விட்டது என்ற நினைப்பே அந்த நிமிஷம் இல்லை.

அவர் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். யோசித்தார். "அப்போ அந்தப் பச்சை வார்டு?" என்றார்.

இவ்வளவு தூரம் நான் யோசித்திருக்கவில்லை. என் வாய் வண்டியில் முன்னால் போகும், மூளை நடந்து பின்னால் வரும். வெயில் ஏறிவிட்டது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று மழுப்பிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. ஹெல்மெட் மட்டும் துளியும் கலங்கவில்லை. அவன் வார்டில் புழு இல்லை, அவன்தான் வாராவாரம் பார்க்கிறானே. எந்த மூடியைப் பார்க்கலாம் என்று அதிகாரி கேட்டதும், அம்மா பார்க்கட்டும் என்று ஆசையாக எங்கள் வீட்டு வாசல் மூடியையே காட்டினான்.

மகன் பின்னால் அதிகாரியும் கூட்டமும் வருவதைப் பார்த்ததும் மாமியார் உள்ளே ஓடிப்போய் எட்டு டம்ளரில் டீயோடு வந்தார். அப்போது இவர்கள் எல்லோரும் சாக்கடையைப் பார்த்துக் குந்தியிருந்தார்கள். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதிகாரி உதட்டில் விரலை வைத்தார். என் மாமியார் வாயை ஒருவர் மூடி நான் பார்த்தது அன்றுதான். தட்டை ஏந்தியபடி வாசற்படியில் அசையாமல் நின்றார். டீ ஆறியது. அதிகாரி உரக்கவே எண்ணிக் கூட்டினார். நூற்றுப் பதினாறு.

ஹெல்மெட் கரண்டிக்குள் எட்டிப் பார்த்தான். இன்னொருமுறை பார்த்தான். பிறகு தாடைக்குக் கீழே இருந்த வாரை அவிழ்த்து, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். முடி வியர்வையில் ஒட்டிப்போய், திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி முகம்.

"நான் பாத்ததைத்தான் எழுதினேன் அண்ணி" என்றான்.

"தெரியும்ப்பா" என்றேன். நான் சரி என்பது நிரூபணமாகிவிட்டது, அதில் ஒரு பொட்டுச் சந்தோஷம் இல்லை.

திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. அதிகாரி நியாயமாகத்தான் யோசித்திருந்தார். மோசமாக இருக்கிற வார்டுக்கு ஒழுங்காக எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும், ஆகவே ஹெல்மெட்டின் வார்டு எனக்கு. என் வார்டில் எல்லாம் பதிவாகித் தெளிவாக இருக்கிறது, ஆகவே பழகிக்கொள்ள அது அவனுக்கு. பெரிய கௌரவம் செய்கிற மாதிரி என் கையைக் குலுக்கி ஆர்டரைக் கொடுத்தார். சும்மா இருந்திருந்தால் வார்டு இருந்திருக்கும். சிவப்பு விழுந்திருந்தால் போயிருக்கும். நான் வாயைத் திறந்து, ஜெயித்து, அதற்குப் பிறகும் போய்விட்டது. சொல்லிச் சிரிக்கலாம், எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அந்தப் பலகையின் கதை தனி. எல்லா வார்டுக்காரர்களும் வெயிலைப் பார்த்து உட்காரக் கற்றுக்கொண்டதில் இரண்டே வாரத்தில் ஊர் முழுக்கச் சிவப்பு. பலகையைத் தானே கழற்றிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார் அதிகாரி. மருந்து வண்டி எல்லா வார்டுக்கும் போக ஆரம்பித்தது. நாற்பத்தேழில் குந்தி உட்கார்ந்து கால் மரத்துப்போன பொறியாளர், வரைபடத்தை மறந்துவிட்டு ஆளனுப்பி அந்தத் தரையை உயர்த்தச் சொன்னார். என் பதினோரு கடிதம் செய்யாததை அவர் முழங்கால் செய்தது.

வீட்டில் மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். உப்பு எங்கே என்பதுகூட என் கணவர் வழியாகத்தான் வந்தது. அவர் பாவம், விசிறியும் போட முடியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேதி சொல்லிக் களைத்துப்போனார். ஒன்பது நாள். பத்தாம் நாள் நான் வாசல் மூடியை எண்ணி முடித்து நிமிர்ந்தபோது, படியில் நின்று, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இன்னிக்கு எத்தனை?"

"எண்பத்தி ரெண்டு அத்தை."

உள்ளே போய்விட்டார். ஆனால் மத்தியானம் பக்கத்து வீட்டம்மாவிடம், எங்கள் மருமகள் எண்ணினால் எண்பதுக்குக் குறையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஐம்பத்து நாலு. அதற்கடுத்த வாரம் இருபத்தொன்பது. அன்று அவர் முகம் வாடிவிட்டது. குறைந்துகொண்டே வருகிறதே, கவனமாக எண்ணக் கூடாதா என்றார். மருந்து வேலை செய்கிறது என்று விளக்கப் பார்த்தேன். மட்டையில் ஒன்றும் பொரியாமல் சாயங்காலம் பொழுது போக மாட்டேனென்கிறது என்று வேறு அலுத்துக்கொண்டார்.

ஆறாவது வாரம், காலை பத்து மணிக்கு ஹெல்மெட் போன் செய்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணி, நாப்பத்தேழுல இருக்கேன். கொஞ்சம் வரீங்களா?"

என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. விழுந்துவிட்டானோ, மூடி காலில் விழுந்ததோ என்று அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மோட்டார் சைக்கிள் தெருமுனையிலேயே நின்றது. அவன் வெறும் தலையோடு, வெயிலைப் பார்த்து, மூடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. மடியில் அந்த வாரப் படிவம், அதில் நாற்பத்தாறு வரைக்கும் எண்கள். ஒன்பது, நாலு, பதினொன்று, இரண்டு. ஒவ்வொன்றையும் அழுத்தி எழுதியிருந்தான். நாற்பத்தேழுக்கு எதிரே மட்டும் காலி.

"எட்டு மணிலேர்ந்து பாக்கறேன்" என்றான். "அறுபது எண்ணினேன். அப்புறம் நூறு எண்ணினேன். நாப்பது தடவை மொண்டாச்சு. ஒண்ணும் இல்ல அண்ணி."

"இல்லன்னா இல்லன்னு எழுது."

"நான் எழுதினா யாரு நம்புவாங்க?" என்றான். "ஆபீசே சிரிக்கும். நீங்க பாத்து எழுதுங்க. உங்க கையெழுத்துன்னா ஒரு பேச்சு இருக்காது."

நான் உட்கார்ந்தேன். உள்ளே உயர்த்திய தரை சிமெண்டு நிறம் மாறாமல் வெளுப்பாக இருந்தது. மூடிக்கு நேர் கீழே, மண் தங்குவதற்காக விடும் வண்டல் குழியில் மட்டும் ஒரு சாண் தண்ணீர், மருந்து வில்லை அடியில் கரைந்துகொண்டிருந்தது. அறுபது எண்ணினேன். எதுவும் மேலே வரவில்லை. அவன் கரண்டியை வாங்கிப் பத்து முறை மொண்டேன். ஓரத்தில், நடுவில், மூலையில், எங்கே போய் ஒளியும் என்று எனக்குத் தெரிந்த இடத்தில் எல்லாம். வெறும் தண்ணீர். பதினான்கு வருஷம் இந்த ஒரு மூடிக்காக நான் போடாத சண்டை இல்லை. நான் இருந்தவரைக்கும் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் அடங்கவில்லை, என்னை அனுப்பிவிட்டு ஆறே வாரத்தில் சுத்தமாகி உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம்தான். அதே நேரத்தில் அந்தக் குழிக்குள் ஒரு கல்லைத் தூக்கிப் போடலாம் போலக் கோபமும் வந்தது.

அவன் பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தான். வாங்கிவிடலாம் என்று கை போனது. அந்தக் கட்டம் என்னுடையது என்றுதான் கை நினைத்தது.

"உன் வார்டு" என்றேன். இதை நான் வாயால் சொல்லுவது அதுதான் முதல் தடவை. "நீ எண்ணினது. நீயே எழுது."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு பேனாவைத் திருப்பிப் பிடித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மெதுவாக, ஒரு பூஜ்யம் போட்டான். கீழே கையெழுத்தும் போட்டான். மூடியை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சத்தமில்லாமல் மூடினோம். நான் புடவையைத் தட்டிக்கொண்டு என் வார்டுக்கு நடந்தேன். அங்கே இன்னும் நூற்றுத் தொண்ணூறு மூடி பாக்கி இருந்தது.